கழுத்துக்குப் பொன்னா, கண்ணுக்குக் கடலா?

ஆசிரியப் பணி ஏற்று முதல் மாத ஊதியம் கைக்கு வந்த நாளில், நம் வீட்டிலே ஒரு வழக்கு எழுந்தது. வாதி நாம்; எதிர்வாதி நம்மைப் பெற்றெடுத்த அன்னை; நீதிபதியின் இருக்கையோ காலி! 2023ஆம் ஆண்டு, சூன் மாதத்தின் கடைசி நாள் அது.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, கூலிக்குக் களை எடுத்துக் காய்ப்பேறிய கைகள் அன்னையின் கைகள். ஐம்பது வயதைக் கடந்தும் கடலைக் கண்டதில்லை அந்தக் கண்கள். படத்திலே பார்த்ததுண்டு, பிறர் சொல்லக் கேட்டதுண்டு, அலை வந்து காலைத் தொட்டு மீளும்போது எப்படி இருக்கும் என்பதை மட்டும் அறிந்ததில்லை. ஆகவே, “அம்மா, சென்னைக்குப் போவோம், கடலைப் பார்ப்போம்” என்றோம் நாம். “அந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கம் வாங்கலாமே” என்றார் அன்னை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருவர் சென்னை சென்று இரண்டு நாள் தங்கித் திரும்பும் செலவும், ஒரு கிராம் பொன்னின் விலையும் அன்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. தராசின் ஒரு தட்டிலே தங்கம், மறு தட்டிலே கடல்!

கல்லூரியிலே படித்த படிப்பு சும்மா இருக்குமா? அறிவுரை தொடங்கினோம். பொருள் தேயும், நினைவு வளரும் என்றோம். பெட்டியிலே பூட்டி வைத்த பொன் யாருக்கு என்ன சொல்லும் என்று கேட்டோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அன்னை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

“தங்கம் இருந்தா ஓர் ஆத்திர அவசரத்துக்கு ஆகும். கடலை அடகு வைக்க முடியுமா, கண்ணு?”

நாம் சிரித்துவிட்டோம். சிரித்தது தவறு என்பது அன்றிரவு படுக்கையிலே புரண்டபோதுதான் விளங்கிற்று. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

*

பொருளை வாங்குவதைவிட அனுபவத்தை வாங்குவதே மேல் என்று கூறுவோரின் வாதத்தை முதலிலே முழுதாக எடுத்துரைப்போம். எதிர்க் கட்சியின் வாதத்தைக் குறைத்துக் கூறி வெல்வது பகுத்தறிவாளர் முறையல்ல. மேலும், அந்தக் கட்சியிலே நாமும்தான் இருந்தோம், இன்னமும் பாதி அங்கேதான் இருக்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர்களான லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச் என்னும் இருவரும் 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். எதற்குச் செலவிட்ட பணம் உங்களை மகிழ்வித்தது என்று மக்களைக் கேட்டனர். பொருளுக்குச் செலவிட்டதைக் காட்டிலும், பயணம், இசை, நண்பருடன் உணவு போன்றவற்றுக்குச் செலவிட்டதே கூடுதல் மகிழ்ச்சி தந்ததாகப் பெரும்பாலோர் கூறினர். காரணம் தேட நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. புதிதாக வந்த பொருள் பத்து நாளில் பழகிப்போகிறது. பழகியது பார்வையிலே படுவதில்லை. நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அன்று ஊரே வந்து பார்த்தது. இன்று அதன்மேல் தூசி துடைப்பாரில்லை! பொருளை அடுத்த வீட்டுப் பொருளோடு ஒப்பிடுவது எளிது. ஒப்பிட்டதும் உள்ளம் சுருங்குகிறது. ஆனால், அண்ணன் தோளிலே அமர்ந்து பார்த்த திருவிழாவை எந்த வீட்டாரின் திருவிழாவோடு ஒப்பிடுவது? அது நம்முடையது, நாம் வளர வளர அதுவும் வளர்கிறது.

பெரியார் சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவர். காசைக் கண்டபடி செலவிடுவோரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. அத்தகையவர், 1931ஆம் ஆண்டின் இறுதியிலே கப்பல் ஏறி, எகிப்து, கிரேக்கம், துருக்கி, சோவியத்து நாடு, செருமனி, இங்கிலாந்து எனப் பல நாடுகளைச் சுற்றி, 1932ஆம் ஆண்டின் இறுதியிலேதான் தமிழகம் திரும்பினார். ஏறத்தாழ ஓராண்டு! அந்தச் செலவுக்கு ஈரோட்டிலே எத்தனையோ வாங்கியிருக்கலாம். ஆனால், பிற நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எதை நம்பாமலே நன்றாக வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணாரக் காண்பது வீண் செலவென்று அவர் எண்ணவில்லை. சிக்கனம் என்பது செலவிடாமை அல்ல. எதற்குச் செலவிடுவது என்று அறிதல்.

இவ்வளவும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால், அன்னையின் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறதே!

*

நம் கல்லூரிப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அன்றிரவு நினைத்துப் பார்த்தோம். மூன்றாண்டுக் கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம், போக்குவரத்து... இவற்றை எந்த நிலம் விளைவித்துத் தந்தது? நமக்கு நிலம் ஏது! அன்னையின் காதிலே கிடந்த ஒரு சோடித் தோடு, பருவத்துக்குப் பருவம் அடகுக் கடைக்கு நடந்தது. அறுவடைக் கூலியிலே மீண்டது. அடுத்த கட்டணத்துக்கு மறுபடி நடந்தது. காதிலே இருந்த நாள்களைவிடக் கடையிலே இருந்த நாள்களே அதிகம். வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு களை எடுக்கப் போன அந்தக் காதுகளை நாம் எத்தனை முறை பார்த்தோம், ஒரு முறையேனும் கண்டோமா?

பொன்னைவிட அனுபவமே மேல் என்று அன்னைக்கு நாம் எடுத்துரைத்த அறிவுரை இருக்கிறதே, அந்த அறிவுரையைக் கற்றுத் தந்த கல்லூரியே அந்தப் பொன்னை அடகு வைத்து வாங்கியதுதான்! ஏணியிலே ஏறியவன், மேலே நின்றுகொண்டு மரத்தைப் பழித்த கதையாயிற்று நம் கதை.

பொருள் என்று ஒரே பெயரிட்டு எல்லாவற்றையும் ஒரே குப்பையிலே கொட்டிவிடக் கூடாது. பத்தாவது பட்டுச் சேலையும் பொருள். முதல் மிதிவண்டியும் பொருள். ஒன்று அலமாரியை அடைக்கிறது. மற்றொன்று பத்துக் கல் தொலைவிலுள்ள பள்ளியை வாசலுக்குக் கொண்டுவருகிறது. கூரையும், தையல் இயந்திரமும், ஒரு கறவை மாடும், அவசரத்துக்கு உதவும் அரைக் காசுப் பொன்னும் ஏழையின் வீட்டிலே வெறும் பொருள்களல்ல, காவலாளிகள். அந்தக் காவலாளிகளை அனுப்பிவிட்டு உல்லாசப் பயணம் போ என்று உபதேசிப்பவர், தம் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருப்பதை மறந்துவிடுகிறார்.

இதையும் ஆய்ந்து பார்த்தவர்கள் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜேக்கப் லீ, டெபோரா ஹால், வெண்டி வுட் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு, வசதி மிக்கோருக்கே அனுபவச் செலவு கூடுதல் மகிழ்ச்சி தருகிறது. வசதி குறைந்தோருக்குப் பொருளுக்கான செலவு அதற்குச் சமமாகவோ, அதைவிட மிகுதியாகவோ மகிழ்ச்சி தருகிறது என்று காட்டிற்று. பெரிய நூலகங்களைப் புரட்டி அவர்கள் கண்டதை, களத்து மேட்டிலே நின்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டார் நம் அன்னை.

*

தோழர்களே! இந்த நாட்டிலே பொருளும் அனுபவமும் என்றைக்கேனும் வெறும் விருப்பத்தின் காரியமாக இருந்ததுண்டா? எண்ணிப் பாருங்கள்.

துணி ஒரு பொருள்தான். தென் திருவிதாங்கூரிலே, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் மண்ணிலே, நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து ஒரு துணி போடுவதற்குப் பல்லாண்டுப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு அரசு இறங்கி வந்து ஆணை பிறப்பித்தது. அப்போதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு! அந்தத் தாய்மாரிடம் போய், பொருளிலே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நடப்பது ஓர் அனுபவம்தான். செலவே இல்லாத அனுபவம்! ஆனால், வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கு 1924ஆம் ஆண்டும் 1925ஆம் ஆண்டும் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. சிறை செல்ல வேண்டியிருந்தது. காலிருந்தும் நடக்க உரிமையில்லை. கண்ணிருந்தும் காண உரிமையில்லை.

பெண்ணின் பொன்னாசையைக் கேலி பேசாத ஆண் அரிது. அந்தப் பொன்னாசையின் வேர் எங்கே என்று தோண்டிப் பார்த்தோமா? தகப்பன் சொத்திலே அவளுக்குப் பங்கில்லை. வீடு அவள் பெயரிலில்லை. நிலம் அவள் பெயரிலில்லை. பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டுமென்று 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989ஆம் ஆண்டு. அறுபது ஆண்டுகள்! இந்தியா முழுமைக்கும் வந்தது 2005ஆம் ஆண்டு. மண்ணிலே பங்கு மறுக்கப்பட்டவள் பொன்னிலே பங்கு தேடினாள். கழுத்திலே கிடப்பதொன்றே தன்னுடையது என்ற நிலையில் உள்ளவளுக்குக் கழுத்தணி ஆடம்பரமல்ல, ஆவணம்.

துற, விடு, பற்றை அறு என்ற உபதேசம் இந்த நாட்டுக்குப் புதியதல்ல. ஆனால், அது யாரிடம் அதிகமாகக் கூறப்பட்டது? துறப்பதற்கு எதுவுமே இல்லாதவனிடம்! பொருள் வேண்டாம், அனுபவம் போதும் என்ற இன்றைய உபதேசமும் எச்சரிக்கையில்லாமல் எடுத்துரைக்கப்பட்டால் அந்தப் பழைய பாட்டின் புதிய மெட்டாகிவிடும்.

*

அப்படியானால், பொன்னே வெல்க என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அதுவும் கூடாது.

பொன் காக்கும், கழுத்தையும் நெரிக்கும். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று ஒரு பங்கு போகிறது. விற்கும்போது அந்தப் பங்கு திரும்புவதில்லை. அடகிலே வட்டி ஏறி, மீட்க முடியாமற்போனால் ஏலத்திலே முழுதும் போகிறது. இவை சிறு குற்றங்கள். பெருங்குற்றம் வேறு. வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961ஆம் ஆண்டே வந்துவிட்டது; ஆயினும், எத்தனை பவுன் என்ற கேள்வி இன்னும் எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கிறது! தன் கூலியிலே தானே வாங்கித் தன் காதிலே போட்ட தோடு வேறு. மகளைத் தள்ளிவிடும் விலையாக எடை போட்டுக் கொடுக்கும் பொன் வேறு. முன்னது காவல், பின்னது தளை.

அனுபவம் என்ற பெயரிலே வருவதெல்லாம் உயர்ந்தது என்றும் கொள்ள முடியாது. மூன்று நாள் திருமணக் கூத்து ஓர் அனுபவம்தானே? ஆயிரம் இலை, ஆடல், பாடல், வாணவேடிக்கை! மூன்று நாள் முடிந்ததும் முப்பது மாதக் கடன். எளிய முறையிலே, மாலை மாற்றி, உறுதி மொழி கூறி மணம் செய்துகொண்டால் சட்டப்படி செல்லும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்துவிட்ட பின்னும், கடனுக்குக் களியாட்டம் வாங்குவோர் குறையவில்லை.

தார்ஸ்டைன் வெப்ளென் என்ற பொருளியலறிஞர், செல்வர்கள் தேவைக்காக அல்ல, பிறர் கண்ணிலே படுவதற்காகவே செலவிடுகிறார்கள் என்று 1899ஆம் ஆண்டே எழுதினார். அன்று அது வண்டியும் மாளிகையுமாக இருந்தது. இன்று பயணமும் அந்த வரிசையிலே சேர்ந்துவிட்டது. மலைக்குப் போகிறவன் மலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறான்! தவணைக் கடனிலே போய், தன்னைப் பிறருக்குக் காட்டித் திரும்புகிறவன் கொண்டுவருவது அனுபவத்தையல்ல, இன்னொரு நகையை. கழுத்திலே போடாமல் கைப்பேசியிலே போட்டிருக்கிறான், அவ்வளவே. எரிக் ஃப்ராம் 1976ஆம் ஆண்டு எழுதிய நூலிலே, உடைமையாக்கி வாழ்வது, உயிர்ப்போடு இருந்து வாழ்வது என்று இருவகை வாழ்வைப் பிரித்துக் காட்டினார். பொருளை விட்டுப் பயணச்சீட்டு வாங்கினால் உயிர்ப்பு வந்துவிடும் என்று அவர் கூறவில்லை. கடலையும் உடைமையாக்கலாம், கைத்தறிச் சேலையையும் அன்போடு வாழவைக்கலாம்.

ஆகவே, பொருளா அனுபவமா என்ற கேள்வியே பிழையான இடத்திலே கோடு போடுகிறது. கோடு போட வேண்டிய இடம் வேறு. இந்தச் செலவு மனிதனின் அச்சத்தைக் குறைக்கிறதா, அறிவை விரிக்கிறதா, அல்லது இரண்டுமின்றி அடுத்தவன் கண்ணுக்கு விருந்து வைக்கிறதா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அச்சத்தைக் குறைப்பது பொருளாயினும் நன்று. அறிவை விரிப்பது அனுபவமாயினும் நன்று. அச்சம் நீங்காதவனிடம் அறிவு விரிவு பற்றிப் பேசுவதற்கு முன், அவன் அச்சத்துக்கு என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

அன்னையின் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்வோம். கடலை அடகு வைக்க முடியாது, உண்மை. ஆனால், ஒரு தாய் எதையேனும் அடகு வைத்துத்தான் பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும், நோயைத் தீர்க்க வேண்டும் என்ற நிலை ஏன் இருக்க வேண்டும்? பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் எல்லார்க்கும் உறுதியானால், பெட்டியிலே பூட்டிய பொன்னின் வேலை பாதி குறைந்துவிடும். வேலை குறைந்தால் அதன் மேலுள்ள பிடியும் தளரும். பிடி தளர்ந்த கைதான் கடலை நோக்கி நீளும்.

அனுபவம் செல்வரின் சொத்தாக இருந்ததை உடைத்துப் பொதுச் சொத்தாக்கியவர்கள் உபதேசிகளல்லர், போராளிகள். எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கமாட்டோம், மிச்ச நேரம் எமக்கு வேண்டும் என்று 1886ஆம் ஆண்டு சிகாகோத் தொழிலாளர் கேட்டது பொருளையல்ல, பொழுதை! அந்த நினைவைப் போற்றி 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் விழாவைச் சிங்காரவேலர் கொண்டாடிய இடம் எது? சென்னைக் கடற்கரை! பிரான்சிலே 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின் பின், ஊதியத்தோடு இரண்டு வார விடுப்புத் தொழிலாளரின் உரிமையாயிற்று. விடுமுறைப் பயணத்துக்கு இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தது. அந்த ஆண்டிலேதான் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதன்முதலாகக் கடலைக் கண்டன. அந்தக் கடல் என்ன, புதிதாகப் பிறந்ததா? இல்லை, வழி புதிதாகத் திறந்தது.

நம் நாட்டிலும் அத்தகைய வாசல்கள் சில திறக்கப்பட்டுள்ளன. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு சிறு நூலக வரியும் சேர்ந்தது. ஊருக்கு ஊர் நூலகம் வர வழி பிறந்தது. வரி கட்ட வீடே இல்லாதவனின் பிள்ளையும் அங்கே போய் அமர்ந்து படிக்கலாம். நாம் அப்படிப் படித்தவர்களே. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சிலே கீழடியிலே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; ஈராயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த நம்மவரின் பானையையும் மணியையும் உழவன் மகனும் அருகே நின்று பார்க்கலாம். இவை போதுமா? போதா. ஆனால், வழி இதுதான். தனித்தனியே ஒவ்வொருவனும் காசு கொடுத்து வாங்க வேண்டிய அனுபவத்தை, எல்லாரும் சேர்ந்து எல்லார்க்கும் உரியதாக்கும் வழி.

*

வழக்கின் தீர்ப்பைக் கூறி முடிப்போம்.

அந்தப் பணத்தை அப்படியே அன்னையின் கையிலே கொடுத்துவிட்டோம். “உன் விருப்பம், அம்மா. அறிவுரை இல்லை” என்றோம். தங்கமே வாங்கினார். ஒரு கிராம், சிறிய மூக்குத்தியும் மிச்சத்துக்கு ஒரு மணியும். பொன்னை அணிந்த அன்று அவர் முகத்திலே கண்ட நிம்மதியை, நாம் படித்த எந்த நூலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஓராண்டு கழிந்தது. நம் ஊதியம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது, அடகுக் கடைக்கு நடக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை மெல்ல வேரூன்றிற்று. 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையிலே, நாம் கேட்காமலே, “கடலுக்குப் போலாம்னு சொன்னியே...” என்றார்.

மொரப்பூர் நிலையத்திலே இரயில் ஏறினோம். மறுநாள் மாலை, சென்னைக் கடற்கரை மணலிலே, செருப்பைக் கையிலே பிடித்தபடி நெடுநேரம் நின்றார் அன்னை. அலை வந்தது, காலைத் தொட்டது, போயிற்று. இடமும் வலமும் கண்ணுக்கெட்டிய மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுக்கு யாரும் வேலி போடலையா?”

வாழ்நாளெல்லாம் பிறர் வேலிக்குள்ளே கூலிக்கு நின்ற ஒருவரின் கேள்வி அது. இல்லை அம்மா, இது எல்லாருடையது என்றோம். நம்பாதவர்போல் மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகுதான் தண்ணீருக்குள் இன்னும் இரண்டடி எடுத்து வைத்தார். மூக்குத்தி மாலை வெயிலிலே மின்னிற்று. அங்கே பொன்னும் கடலும் பகைத்துக்கொள்ளவில்லை.

இளைஞர்களே! முதல் ஊதியம் பெறப்போகும் தோழர்களே! உங்கள் வீட்டிலும் இந்த வழக்கு எழும். அறிவுரை கூறுமுன், உங்கள் படிப்புக்காக எந்தக் காது வெறுமையாயிற்று என்று கேளுங்கள். அந்தக் காதை முதலில் நிறையுங்கள். பின்னர் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள், கடலுக்கு, மலைக்கு, நூலகத்துக்கு, நாடகத்துக்கு. அத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் அன்னைக்குக் கிடைத்தது, கடலைக் காணாத இன்னும் கோடித் தாய்மாருக்குக் கிடைக்க, வேலியில்லாத இடங்கள் இன்னும் பல வேண்டும். இருப்பவற்றைக் காப்பதும், இல்லாதவற்றைக் கேட்டுப் பெறுவதும் நம் வேலை.